நெற்றியோடு நின்ற மாப்பிள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
18.9.1999, சனிக்கிழமை.

அன்புள்ள நம்பி அண்ணாவுக்கும் மன்னிக்கும் அரவிந்தவல்லியின் நமஸ்காரம். ஆண்டாள் கிருபையில் இங்கு எல்லோரும் சௌக்கியம். பெங்களூரில் உங்கள் முழங்கால் வலியும் மன்னியின் பாட்டு வகுப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை டிகாக்ஷன்கூட இறக்காமல், முதல் வேலையாக ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப் போய், கபீருடைய பிரவுசிங் சென்டரில் இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரின் திரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தேன். திரையில் சந்தனம் இருந்தது. வைத்தது நம் வீட்டு மனுஷி. கபீர் மரியாதைக்காரர், தானாக அழிக்க மாட்டார்.

கமலாவுக்கு நீங்கள் பார்த்திருக்கும் அமெரிக்கப் பையனின் போட்டோ வெப்சைட்டில் இருக்கிறது, பார்த்துச் சொல் என்று விலாசம் எழுதியிருந்தீர்கள். நான் ஒருத்தி போயிருந்தால் போதும். ஆனால் கமலா அப்பாவின் அத்தை வஞ்சுளவல்லி, மாப்பிள்ளை பார்ப்பதற்கு முறை என்று ஒன்று உண்டு என்று சொல்லி, நேற்று ராகு காலம் கழியக் காத்திருந்து, கேசரித் தூக்கும் சந்தனக் கிண்ணமுமாக எங்கள் மூன்று பேரையும் பஸ்ஸில் ஏற்றினாள். கமலாவுக்குப் பட்டுப் புடவை. அத்தைக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, பையன் நம்மைப் போல் தென்கலையா, இல்லை வடகலையா. நீங்கள் "நம்மவாதான்" என்பதோடு விசாரணையை முடித்துவிட்டு, மேலே கேட்கக் கூச்சப்பட்டுவிட்டீர்கள். தங்கை கல்யாணத்தில் எடுத்த படம், பையன் திருமண் இட்டிருக்கிறான் என்று எழுதினீர்களே, அதைப் பிடித்துக்கொண்டாள். திருமண்ணின் பாதம் மூக்கில் இறங்கினால் கல்யாணம். புருவத்தோடு வளைந்து நின்றால் கேசரியோடு வீடு.

அண்ணா, படம் மேலிருந்து கீழே வருகிறது. முதலில் சுவர், பிறகு தலைமுடி, பிறகு நெற்றி, நெற்றியில் மூன்று கோடு, புருவம் எட்டிப் பார்த்தது, நின்றுவிட்டது. "செத்த பொறுங்கம்மா, லோடு ஆவுது" என்றார் கபீர். பொறுத்தோம். லைன் போய்விட்டது என்று போன் வழியாக மறுபடி மதுரைக்கு டயல் செய்து, ரெஃப்ரெஷ் என்று ஒரு பட்டனை அமுக்கினார். வந்த நெற்றியும் போய், திரும்பச் சுவரிலிருந்து ஆரம்பித்து அதே புருவத்தில் நின்றது. பிரவுசரை மூடித் திறந்தார், உள்ளே சேர்ந்திருந்த பழைய பக்கங்களையெல்லாம் அழித்தார், வேறொரு பிரவுசரில் போட்டுப் பார்த்தார். அது நெற்றியைக்கூடக் காட்டாமல் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டது. "அபசகுனம், பழசையே போடு" என்றாள் அத்தை.

"ஏண்டாப்பா, லோகமெல்லாம் தெரியற மிஷின்ல ஒரு மூக்கு தெரியாதா?"

"எறங்கிரும் பாட்டிம்மா. எம்புட்டு தூரத்துல இருந்து வருது."

"நெத்திக்கு விசா கெடைச்சுடுத்து, மூக்குக்குக் கெடைக்கலை போல இருக்கு" என்றார் கமலா அப்பா. கமலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீ ஏண்டி இளிக்கறே, குனிஞ்சுக்கோ. மாப்பிள்ளை பாக்கறார்" என்றாள் அத்தை.

ஏழாவது நெற்றியில் அவள் சந்தனக் கிண்ணத்தைத் திறந்தாள். புது பம்ப்செட்டுக்கு வைப்பதுபோல் திரை நடுவில் ஒரு பொட்டு. "ஸ்பீக்கர் மேல வைங்க பாட்டிம்மா" என்று கபீர் சொல்லி முடிப்பதற்குள் பன்னீரும் வந்துவிட்டது, அவர் தோள் துண்டை எடுத்து மானிட்டர் தலையில் போர்த்தினார், அத்துடன் மாப்பிள்ளை பார்க்கும் வைபவம் முடிந்து கடையில் இருந்த எல்லோருக்கும் கேசரி விநியோகம் ஆயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தலை நிமிராமல் நான் பார்த்தது இவருடைய பாதங்களை மட்டும்தான். இடது கட்டைவிரல் நகம் உடைந்திருந்தது. என் பெண்ணுக்கு நெற்றி மட்டும் கிடைத்திருக்கிறது. இரண்டு தலைமுறையாகப் பார்த்தும் நடுவில் ஆளைக் காணோம்.

ஆகையால், பையனின் போட்டோ ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், திருமண் பளிச்சென்று தெரியும்படி. அத்தை பார்த்துச் சொல்வதற்கு நாங்கள் கட்டுப்படுகிறோம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் முழங்காலுக்கும் சேர்த்து வடபத்ரசாயியிடம் சொல்லி வைக்கிறேன்.

தங்கள் தங்கை,
அரவிந்தவல்லி

பி.கு.: போட்டோ அனுப்பச் சொல்ல வேண்டாம். மேலே ஒன்றை மறைத்துவிட்டேன். இன்று காலை நான் சந்தனத்தைத் துடைக்கும்போது கபீர் சொன்னார்: "பிரவுசர் மேல தப்பில்லம்மா. மாடியில எங்க வீட்டுக்காரி அசீனா, சாப்பிட வரலியான்னு கேக்க போனை எடுத்துக்கிட்டே இருந்திருக்கா. ஒரே லைனுல ரெண்டு போனு. அவ எடுத்தா இங்க அறுந்துரும். இப்ப அவ தூங்குறா, பாக்குறீகளா?" போட்டார். சுவர், முடி, நெற்றி. புருவம் வந்ததும், என்னையறியாமல், ஈரத்துணி சுற்றிய விரலை அதன் கீழே, திருமண்ணின் பாதம் இறங்கும் இடத்தில் வைத்துவிட்டேன். படம் என் விரலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. இரண்டு கண்கள், கொஞ்சம் விடைத்த காது, சிரிப்பை அடக்கத் தெரியாத வாய். "வெரலை எடுங்கம்மா" என்றார் கபீர். திரையை அணைக்கச் சொல்லிவிட்டேன்.

புரட்டாசி முதல் சனி, இங்கே பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவிக்கப் போனேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கமலாவை மட்டும் கபீர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், நூல் புடவையில். அவளுக்குப் பிடித்திருந்தால் எனக்குச் சம்மதம். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. விரலைக் கல்யாணம் முடிந்த பிறகுதான் எடுப்பேன்.