நீல வாளியும் திரியாக் லேகியமும்

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் அன்றைக்கு மீன் வாங்க ஆளில்லை. மொத்தக் கூட்டமும் ராஜவைத்தியர் சரவணகுமாரின் வேனைச் சுற்றித்தான். மைக் கத்தியது: ரோமாபுரி ராஜா நக்கிய லேகியம், சுல்தானின் ஹக்கீம்கள் கிண்டிய லேகியம், அறுபத்துநாலு மூலிகை சேர்ந்த திரியாக். எந்த விஷத்தையும் இறக்கும். இன்றைக்கு மட்டும் தள்ளுபடி. நக்கிய ராஜாவெல்லாம் இப்போது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தள்ளுபடி போய்விடுமே.

வைத்தியர் வேன் முன்னால் வைத்த பானைக்குள் கையை விடுவார். உள்ளே கடல்பாம்பு என்பார். வெளியே எடுத்த கையில் ரத்தப் பொட்டு இருக்கும். ஒரு விரல் லேகியத்தை நக்கிவிட்டுச் சிரிப்பார். பானைக்குள் எட்டிப் பார்க்க எவனுக்குத் துணிச்சல்?

கூட்டத்தில் நின்ற மீன்காரி சம்பூர்ணத்துக்கு இது பிடிக்கவில்லை. வலையில் பாம்பு வந்தால் குச்சியால் நெம்பிக் கடலில் விடுவதுதான் வழக்கம். லேகிய டப்பா வாங்கியதிலிருந்து அவள் புருஷன் நீலமேகம் வெறுங்கையால் உருவிப் போடுகிறான். கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது, மருந்து முறிந்துவிடும் என்று வைத்தியர் வேறு சொல்லி வைத்திருந்தார். எவ்வளவு சண்டை போட்டும் அவன் கேட்கவில்லை.

அடுத்த முறை வேன் வந்தபோது மூடிய நீல வாளியோடு போனாள்.

"வைத்தியரே, காலைல வலைல வந்தது. இத்த ஒரு தபா தொட்டுக் காட்டு. எங்க வூட்டுக்காரு தெனம் தொடுறாரு."

இன்றைக்கு நட்சத்திரம் சரியில்லை என்றார் வைத்தியர்.

"மருந்துதான் கீதே, கைய வுடு அண்ணாத்த," என்று ஊக்கம் கொடுத்தது வேறு யாருமில்லை, நீலமேகம்தான்.

சம்பூர்ணம் மூடியை எடுத்து வாளியை அவர் காலடியில் கவிழ்த்தாள். ஈரமாய் ஏதோ பாதத்தில் சுருண்டது. வைத்தியர் அலறி, பானைமேல் விழுந்து உடைத்து, வண்டியை எடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்று கதறினார். நீலமேகம் ஓடி வந்து, பயபக்தியோடு தன் டப்பா லேகியத்தையே அவர் வாயில் திணித்தான். அவர் துப்பினார்.

"யோவ், இது வெறும் வெல்லமும் சுக்கும்யா. ஊசி போடணும், வண்டிய எடு."

சம்பூர்ணம் குனிந்து அந்தப் 'பாம்பை'த் தூக்கிக் காட்டினாள். நனைந்த வலைக்கயிறு. உடைந்த பானையிலிருந்து விஷமில்லாத ஏரித் தண்ணிப்பாம்பு ஒன்று நெளிந்து போனது. கடல்பாம்புக்கு வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். இதன் வாலோ உருண்டை.

"கயிறு பட்டா அவருக்கு ஊசி வேணுமாம். பாம்பு கடிச்சா நமக்கு வெல்லம் போதுமாம்," என்றாள் சம்பூர்ணம்.

நீலமேகம் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அந்தக் குச்சிய எங்க வெச்ச?" என்று கேட்டான்.

குச்சி கடற்கரையில் எங்கேயும் கிடைக்கும். புத்தியை மட்டும் அவரவர் தலைக்குள்தான் தேட வேண்டும். அதை எந்த வேனிலும் விற்பதில்லை.