காத்து பாயும் என் பளபள கிளாம்பும்

திண்டுக்கல்லில் கார்கள் டீசலில் ஓடுகின்றன என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், காத்து பாயை நீங்கள் பார்த்ததில்லை என்று அர்த்தம். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லா வண்டியும் காற்றில்தான் ஓடுகிறது. "டீசல் வெஞ்சனம் மாதிரி வாத்தியாரே, தொட்டுக்கத்தான். சோறு காத்துதான்" என்பார்.

பேகம்பூர் பக்கம் அவருடைய பட்டறை. 'இங்கு டர்போ, இன்டர்கூலர், குழாய் வேலை மட்டும்' என்று போர்டு தொங்கும். ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், எதிர்க்கடையைத் தாடையால் காட்டுவார். அவருக்கு வேறு பெயர் இருக்கத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ரேஷன் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒருமுறை நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவரின் ஜீப்பில், குழாயின் சூடு வெளியே பரவக் கூடாது என்று தோல் சுற்றிக் கொடுத்தார். தோல் பதனிடும் பட்டறைகள் நிறைந்த இந்த ஊரில் தோலுக்குப் பஞ்சமா? யோசனையும் பாதி சரிதான். ஆனால் அது அரைகுறையாகப் பதப்படுத்திய தோல். இன்ஜின் சூடேறியதும் வாசம் கிளம்பிவிட்டது. ஒவ்வொரு ஊர் நாயும் தன் எல்லை வரை ஜீப்பைத் துரத்தி, அடுத்த ஊர் நாயிடம் ஒப்படைத்ததாம். விவசாயி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாய்க்குப் போன் செய்தார்.

"ஏனுங்க பாய், வண்டிக்குள்ள என்னத்தைங்க வச்சு அனுப்புனீங்க?"

"நாய்க்கு எட்டாத வேகத்துல போயிருக்கணும். அதுக்குத்தான டர்போ இருக்கு?" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார் பாய். தன் வேலையில் தவறு இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்ததே கிடையாது.

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் பத்து வயது டர்போ டீசல் கார். எனக்குச் சிறுமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை. போகிற வழியில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவது வளைவிலேயே கார் கரும்புகை விட்டு முனக ஆரம்பித்துவிடும். பின்னால் வருகிற வாழைத்தார் வண்டிக்காரர்கள் ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்திப் போவார்கள்.

காலாண்டு விடுமுறையில் என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "இங்க பாருங்க, திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது. அன்னைக்கு மலையேறலைன்னா வண்டிய வித்துட்டு பஸ்ல போங்க. எங்க அண்ணன் ஆள் பாத்து வச்சிருக்காரு."

என் சம்பளத்தில் எனக்கே எனக்கென்று நான் வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார். அதை மச்சான் பார்த்துவைத்த ஆளிடம் கொடுக்க மனம் வருமா?

பாய் பானட்டைத் திறந்ததுமே நோயைச் சொல்லிவிட்டார். டர்போ காற்றை அமுக்கித் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகிறது. அந்தச் சூட்டை முன்னால் இருக்கிற இன்டர்கூலர் ஆற்றி இன்ஜினுக்கு அனுப்புகிறது. போக ஒரு குழாய், வர ஒரு குழாய். என் காரில் அந்த வருகிற குழாய்தான் வெடித்திருந்தது.

"எதுக்குப் பாய் ஆத்தணும்?"

"டவுன் பஸ்ல கோவமா ஏறுன ஆளு ரெண்டு சீட்ட அடச்சு ஒக்காருவான். அவனக் குளுமையாக்கிப் பாருங்க, அதே எடத்துல மூணு பேரு ஒக்காரலாம். காத்தும் அப்படித்தான்."

நான் ஏற்கெனவே ஆன்லைனில் ஒரு குழாய் செட் வாங்கி வைத்திருந்தேன். மூன்று அங்குல விட்டம், முகம் பார்க்கலாம் போல மினுக்கு, குழாய் மூட்டை இறுக்கிப் பிடிக்கப் பளபளவென்று கிளாம்புகள். பாய் ஒரு குழாயை எடுத்து, தொலைநோக்கி மாதிரி கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார்.

"இது யாருக்கு வாத்தியாரே, லாரிக்கா?"

"பெரிய குழாய்னா காத்து நிறையப் போகும்ல?"

"போகும். ஆனா இது ரொம்புறதுக்குள்ள நீங்க ரிட்டையர் ஆயிருவீங்க. ஒங்க வண்டிக்கு ரெண்டு இஞ்சு போதும். வளைவு கம்மியா இருக்கணும், அம்புட்டுத்தான்."

ஒரு கம்பியை வளைத்து வளைத்து, குழாய் போகவேண்டிய பாதையை அளந்தார். இரண்டே நாளில் வெல்டிங் பட்டறையிலிருந்து அலுமினியக் குழாய் வந்தது. அதைச் சாய்த்து, இடது காதில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டார். வெல்டிங் உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் கோலி தட்டுமாம். முதல் குழாய் தட்டியது, திருப்பி அனுப்பினார். இரண்டாவதும் தட்டியது. மூன்றாவதில் கோலி சத்தமில்லாமல் உருண்டு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. "இதுதான் குழாய்" என்றார்.

வியாழக்கிழமை மாட்டி முடித்தார். இன்ஜினை முறுக்கச் சொல்லி, கண்ணை மூடி, சுற்றிச் சுற்றி வந்து காதால் மோப்பம் பிடித்தார். "எங்கயும் கசியல. நாளைக்கு ஜும்மா முடிஞ்சு மலையில ஏத்திப் பாப்போம்."

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கழுவினேன். பானட்டைத் திறந்தால் புதுக் குழாய் ஜம்மென்று இருக்கிறது, பாய் போட்ட கிளாம்பு மட்டும் மங்கலாக இருக்கிறது. என் பளபள கிளாம்புகள் டிக்கியில் சும்மா கிடந்தன. ஒன்றே ஒன்றை மாற்றினால் என்ன? மாற்றினேன். கடைசி மரை வரை முறுக்கியதும் நின்றுவிட்டது. நின்றதை, இறுகியது என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் பாய் வந்து, வழக்கம்போல டிரைவர் சீட்டில் ஏறினார். யார் வண்டியானாலும் அவர்தான் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் உட்காரவே மாட்டார். திமிர் என்று நினைத்திருந்தேன்.

"சும்மா வண்டிய ஏத்துறதுல என்ன இருக்கு? பாரம் வேணும்" என்று மலையடிவார பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினார். அங்கே முந்தின நாள் அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய கிடாயோடு ஓர் அம்மா நின்றிருந்தார்.

"அம்மா, நீங்க எத்தன கிலோ?"

"எம்புட்டு இருந்தா ஒனக்கென்னப்பா? வண்டியில ஏத்தப் போறியா, சந்தையில விக்கப் போறியா?"

"ஏத்தத்தான். ஆட்டயும் சேத்து ஏறுங்க, கரெக்டா இருக்கும்."

ஐந்து வளைவு வரை கார் பறந்தது. நான் மனதுக்குள் மச்சானுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது வளைவில் இன்ஜினின் வலப்பக்கத்திலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. ஆட்டுக்கே கேட்டு, அது மிரண்டு என் தோளில் காலை வைத்தது.

"ஏப்பா! வண்டிக்குள்ள பாம்பு சீறுது, நிறுத்து!" என்று அந்த அம்மா அலறினார்.

பாய் மட்டும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். "என்னத்தா பாம்பு? ஒரு சத்தமும் இல்லயே." சொல்லி முடிப்பதற்குள் கரும்புகை கிளம்பி, கார் தவழ ஆரம்பித்தது.

ஓரங்கட்டினோம். அந்த அம்மா ஆட்டை இழுத்துக்கொண்டு, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பாய் பானட்டைத் திறந்து, என்னை இன்ஜினை முறுக்கச் சொன்னார். வலப்பக்கக் குழாயை இடது காதால் கேட்பதற்காக உடம்பைக் கோணி, இன்ஜின் மேல் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டார். நான் இறங்கி அவருக்கு வலப்பக்கமாக நின்று, "பாய்" என்றேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். திரும்பவில்லை. இடப்பக்கமாகப் போய்க் கூப்பிட்டேன்.

மெல்ல நிமிர்ந்தார்.

"ரெண்டு வருசமாச்சு வாத்தியாரே. வலது காது சுத்தமா போச்சு. வெளிய சொல்லிராதீங்க. காது கேக்காதவன்ட்ட எவன் காத்து வேலைக்கு வண்டி விடுவான்?" கையைத் துடைத்துக்கொண்டே, "நேத்து நல்லாத்தான் கேட்டேன். கசியலன்னுதான் பட்டுச்சு. இனிமே என்னயே நான் நம்ப முடியாது போல" என்றார்.

காத்து பாய் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா! அந்தக் கிளாம்பு விஷயம் என் தொண்டை வரை வந்தது. வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். மலை இறங்குகிற வரை வாயைத் திறக்காததற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மெல்ல உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தோம். பாய் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமைதோறும் கடை கடையாகச் சாம்பிராணி போடுகிறவர் உள்ளே வந்து தட்டுப் புகையை விசிறிவிட்டுத் திரும்பினார். புகை பட்டறையைச் சுற்றிவிட்டு, ஷட்டரின் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை வழியாக நூல் பிடித்த மாதிரி வெளியேறியது. பாய் அதையே பார்த்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

"ஏலே, சாம்பிராணி! தட்டக் குடுத்துட்டுப் போ!"

பழைய வாக்குவம் கிளீனரின் குழாயைத் திருப்பி மாட்டி, காற்று நுழைகிற வாயில் புகையைச் செலுத்தினார். கார் முழுக்கச் சாம்பிராணி மணம். ஒரே ஓர் இடத்தில், மெல்லிசாக, புகை எட்டிப் பார்த்தது. என் பளபள கிளாம்பு.

பாய் குனிந்து பார்த்தார். "இது நான் போட்ட கிளாம்பு இல்லயே. அந்த மூணு இஞ்சுக் குழாய்க்கு உள்ளதுல்ல?"

"நான்தான் மாத்துனேன் பாய். காலையில. அழகா இருக்கும்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்:

"அப்ப நேத்து நான் கேட்டது சரிதானா?"

"சரிதான் பாய். நூத்துக்கு நூறு சரி."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. அரை மணி நேரம்.

திங்கட்கிழமை கார் பதினெட்டு வளைவையும் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. மச்சான் பார்த்த ஆள் வேறு கார் பார்க்கப் போனார். என் கிளாம்பு இப்போது பாய் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம், "இது படிச்ச வாத்தியார் வேல" என்று காட்டுகிறார். சாம்பிராணிப் புகைச் சோதனைக்குப் பழநியிலிருந்தெல்லாம் வண்டிகள் வருகின்றன. காது விஷயத்தை அவரே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க. ஆனா பொகைய நான்தான் கண்டுபிடிச்சேன்னு எழுதணும்" என்றார். எழுதிவிட்டேன்.

இப்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் எங்கே கிளம்பினாலும், அவர் கேட்பதற்கு முன்பே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அவர் ஓட்டினால் நான் அவருக்கு இடப்பக்கம் வருவேன். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம்.