சம்மந்திக்குப் பக்கத்துப் பாய்

மாண்டலேயில் இருக்கும் அக்கா டோ கின் ஸோ அவர்களுக்கு, யாங்கோனிலிருந்து தம்பி மௌங் தான் ஹ்லா கும்பிட்டு எழுதிக்கொண்டது. நீயும் அத்தானும் உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். என் கால் மட்டும் இன்னும் நேராக நீளவில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய் என்றுதான் கடிதம்.

என் மகள் ஏ தீரியின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்பாடா! இந்த ஒரு வரியை எழுத உன் தம்பி பட்ட பாடு இருக்கிறதே, எல்லாம் உன்னால்தான். "மாப்பிள்ளையோட அப்பா ஊ போ யின் தியானத்துலயே ஊறின மனுஷன்டா, நம்ம ஆளுங்களும் அப்படித்தான்னு சொல்லி வச்சிருக்கேன், தண்ணித் திருவிழாவுக்கு அவர் மடத்துக்குப் போறாராம், நீயும் போய் உக்காந்துடு, இல்லேன்னா சம்பந்தம் போச்சு" என்று சொன்னாயே, ஊரே தெருவில் தண்ணீரை வாரி இறைத்து ஆட, நான் வெள்ளைச் சட்டையும் பழுப்பு லுங்கியுமாக மடத்துக்குள் நுழைந்தேன். அங்கே பேசக் கூடாது. உச்சி தாண்டினால் சாப்பிடக் கூடாது. வாயே திறக்க முடியாத இடத்தில் முகம் தெரியாத சம்மந்தியை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்த வழுக்கைத் தலைக்கெல்லாம் கும்பிடு போட்டேன்.

தியானம் என்னவோ சுலபம்தான். வயிறு எழும்பினால் 'எழும்புது', அடங்கினால் 'அடங்குது', மனசில் எது வந்தாலும் அதன் பேரைச் சொல்லிக் கவனிக்க வேண்டும். ஆனால் பக்கத்துப் பாயில் ஒரு தடியன், கண்ணை மூடினானோ இல்லையோ, மாவு மில் மாதிரி குறட்டை! நானும் 'கேக்குது, கேக்குது' என்று கவனித்தேன். பிறகு 'கோபம், கோபம்'. பிறகு 'இடிக்கணும், இடிக்கணும்'. கடைசியில் எதையும் கவனிக்காமல் முழங்கையால் விலாவில் ஒன்று விட்டேன். சாயங்காலம் சயாடோ, அதான் பெரிய பிக்கு, அவர் முன்னால் நாலைந்து பேராக உட்கார்ந்து அன்றைக்குக் கவனித்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அங்கே மட்டும்தான் வாய் திறக்கலாம் என்பதால் நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். "சாமி, பக்கத்துல ஒரு எருமை தூங்குது. தாங்கல, இடிச்சுட்டேன்."

"இடிக்கும்போது கவனிச்சீரா?"

"இல்லீங்க சாமி. இடிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. அதை நல்லாக் கவனிச்சேன்."

சயாடோ சிரிக்காமல் என் பின்பக்கம் பார்த்து, "ஊ போ யின், நீர் சொல்லும்" என்றார். திரும்பினால் அந்தத் தடியன்! அக்கா, எனக்கு வயிறு எழும்பவுமில்லை, அடங்கவுமில்லை. மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

அவர் விலாவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சாமி, இந்த ஆளு பொழுது சாய்ஞ்சா போர்வைக்குள்ள வறுத்த பட்டாணி மெல்லுறாரு. எனக்கு நாக்கு ஊறுது, வயிறு எரியுது. எனக்கு இந்தத் தியானமெல்லாம் புதுசு சாமி. பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய பக்திமானுங்கன்னு மாண்டலேல ஒரு அம்மா சொல்லிச்சு. பையனுக்காக வந்து மாட்டிக்கிட்டேன்."

அந்த அம்மா யார் என்று உனக்கே தெரியும். அடிப்பாவி அக்கா! வெளியே வந்ததும் குளியலறைக்குப் பின்னால் அவரை மடக்கி, "பொண்ணோட அப்பன் நான்தாங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பட்டாணி மீதி இருக்கா?" என்றார்.

அங்கேயே பாக்கு வெற்றிலை மாற்றாத குறையாகப் பேசி முடித்துவிட்டோம். தங்கமான மனுஷர், அக்கா. பொய்க்கு உன்னைத் திட்டுவதா கும்பிடுவதா தெரியவில்லை, இரண்டையும் செய்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியால் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி,
மௌங் தான் ஹ்லா

பின் குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் சம்மந்தி ஓடி வந்தார். கடைசி நாள் அவரைக் கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை ஸெயா லின், நாங்கள் இருவரும் கண் மூடி அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உருகிப் போனானாம். தூங்கிக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கு யார் சொல்வது? இன்று காலை தலையை மழித்துக் காவி உடுத்திவிட்டான். நானும் சம்மந்தியும் முறைப்படி மாப்பிள்ளை காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, எப்போது திரும்பி வருவீர்கள் சாமி என்று கேட்டோம். தெரியாது என்று சொல்லிப் புன்னகை செய்தார். ஏ தீரியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. "நீங்க ரெண்டு பேரும் நல்லவங்க மாதிரி நடிக்கப் போனீங்க, அப்பா. அவரு நம்பிட்டாரு" என்றாள்.