கதவில் கட்டிய வேப்பிலை

"அம்மை குத்துற ஆஸ்பத்திரி டிரெசர் நாளைக்கு நம்ம லயத்துக்கு வாராராம்" என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை.

மலாயாவில் பீடோர் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுவதிலும் பிடிவாதத்திலும் அவனை மிஞ்ச ஆளில்லை. மூத்த பிள்ளையை அம்மைக்குக் கொடுத்தவன். ஊசி குத்தினால் ஆத்தாள் கோபித்துக் கைக்குழந்தை முத்தம்மாவையும் கேட்டுவிடுவாள் என்று நடுங்கினான்.

"புள்ளைய எங்க ஒளிக்கிறது?"

"ஒளிச்சா அழுவா. கதவுல வேப்பிலை கட்டிடு லா. ஆத்தா வந்த வீட்டுக்குள்ள யாரு நுழைவா?" என்றாள் மனைவி ராக்காயி.

சன்னாசி பூரித்துப்போனான். தன் மனைவிக்கு மூளை இருப்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

காலையில் வேப்பிலையைப் பார்த்ததும் லயமே கலங்கியது. நேற்றுவரை குத்தவிட மாட்டோம் என்று மார்தட்டியவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடினார்கள். டிரெசர் விஸ்வலிங்கத்துக்குக் கை ஓயவில்லை. எல்லோருக்கும் குத்தி முடித்துவிட்டு, அந்த யாழ்ப்பாணத்து மனிதர் நேராகச் சன்னாசி வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஆருக்கு அம்மை?"

"புள்ளைக்குங்க."

"அப்ப பிள்ளையைத் தனிக்கொட்டகைக்குக் கொண்டுபோகவேணும். ஒரு மாசம்."

சன்னாசி பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டான். "புள்ளைக்கு இல்லீங்க. எனக்குத்தான்."

"அப்ப நீர் கொட்டகைக்கு வாரும். உம்மோட இருந்த பிள்ளைக்கு ரெண்டு கையிலயும் குத்தவேணும்."

ஒரு கை இரண்டு கையானது. "யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. இலை சும்மா கட்டினது."

"சும்மாவோ? துரையிட்டச் சொல்லவோ, பிள்ளையின்ர கையை நீட்டுறீரோ?"

சன்னாசி மனைவியைப் பார்த்தான். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா?"

"மூத்தவளுக்கு நாம ஊசி போடல" என்றாள் ராக்காயி. "அப்பவும் ஆத்தா எடுத்துக்கிட்டாதானே."

சன்னாசி குழந்தையின் கையைத் தானே பிடித்து நீட்டினான். முத்தம்மா ஒருமுறை சிணுங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றது அவன்தான்.

டிரெசர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். வாசலில் ராக்காயியைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குத் தாப்பாத் தோட்டம். அங்கயும் ஒருத்தரும் கை நீட்டுறாங்கள் இல்லை. அங்க இருக்கிற உன்ர தங்கச்சியையும் உன்னை மாதிரி வேப்பிலை கட்டச் சொல்லிவிடு, பிள்ளை."