பச்சைப் பொட்டு வைத்த துப்பாக்கிகள்

மதுரையில் மனிதரை நம்பிக் கெட்டவர்கள் தெருவுக்கு நூறு பேர் இருப்பார்கள். சூடத்தை நம்பிக் கெட்டவர், எனக்குத் தெரிந்து, பீரங்கி அண்ணன் ஒருவர்தான்.

ஆரப்பாளையத்தில் தண்ணீர்க் குழாய் விற்கும் கடை அவருடையது. எழுபதுகளின் கடைசியில் அந்தக் கடை மாடியில் நான் குடியிருந்தேன். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. குழாய் விஷயத்தில் அவர் ஞானி. விரல் முட்டியால் ஒரே தட்டு. "இது இருபது வருசம் தாங்கும். அது உங்க மாமனார் இருக்கற வரைக்கும்தான்" என்பார். தன் சரக்கு என்று தெரிய ஒவ்வொரு குழாயின் உள்வாயிலும் பச்சை பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார்.

பழங்காலத் துப்பாக்கி என்று யாராவது சொன்னால் போதும், அந்த ஞானி அங்கேயே செத்துப்போவார்.

சொல்கிறவர் செல்லையா. வாய் நிறைய வெற்றிலை, சாக்கு நிறையச் சரித்திரம். "பாளையக்காரரு கோட்டைக் காவக்காரன் கையில இருந்ததுண்ணே!" என்பார். அண்ணன் அதைத் தட்டிப் பார்க்க மாட்டார். கடையில் மாட்டியிருந்த கருப்பசாமி படத்துக்கு முன்னால் வெற்றிலையில் சூடம் ஏற்றுவார். "அணைச்சுச் சத்தியம் பண்ணு." செல்லையா கொசு அடிப்பதுபோல் உள்ளங்கையால் அடித்து அணைப்பார். அவ்வளவுதான், துப்பாக்கி நம் வீட்டுப் பிள்ளை.

"ஒரு தட்டு தட்டிப் பாத்தா என்னண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாப்ள, கருப்பன் முன்னாடி சூடத்தை அணைச்சவனைச் சந்தேகப்பட்டா, கருப்பனையே தட்டிப் பாத்த மாதிரிடா!"

இப்படி ஏழு துப்பாக்கிகள். ஏழிலும் எருக்குழியில் ஊறிய வாசனை. அண்ணன் கண்ணை மூடி அதை இழுப்பார். "இருநூறு வருசத்து வெடிமருந்து!"

"எங்கப்பா வீட்டு மாட்டுக்கொட்டத்துலயும் இம்புட்டு வெடிமருந்து கெடக்கு" என்பார் அண்ணன் மனைவி, எங்கள் மதினி.

கேலி செய்த அந்த மதினிதான் ஆறாவதுக்கும் ஏழாவதுக்குமாகத் தன் சீதன வயலை, கோச்சடையில் இருந்ததை, விற்கக் கைநாட்டு வைத்தார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. "மியூசியத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுல நம்ம ரெண்டு பேரு பேரும். நாம போனப்புறம் பேரு சொல்ல அது போதும்டி" என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

மியூசியத்திலிருந்து அதிகாரி வந்தார். ஒவ்வொரு துப்பாக்கியின் கீழும் நான் எழுதிய விவர அட்டை. அவர் அட்டையைப் படிக்கவில்லை. குழலுக்குள் டார்ச் அடித்தார். பிறகு நிமிர்ந்து, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே அடுக்கில் நாற்பது குழாய்கள், நாற்பது பச்சை வாய்கள்.

"ஏங்க, பாளையக்காரருக்கும் நீங்கதான் சப்ளையா?"

கடை சிரித்தது. தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். மதினி மட்டும் ஏழையும் பழஞ்சேலையால் மூடிவிட்டு உள்ளே போனார்.

"போலீசுக்குப் போங்கண்ணே" என்றேன்.

"எதுக்கு? அவனைச் சூடத்தை அணைன்னு சொன்னது யாரு? நான் கேக்கலைன்னா அவன் எதுக்குடா பொய்ச் சத்தியம் பண்றான்? ஏழு பொய்ச் சத்தியத்துக்கும் தீக்குச்சி கிழிச்சது நான்தான்."

வெள்ளிக்கிழமைதோறும் கருப்பன் கோயிலுக்கு நடந்தார், செல்லையாவின் கண்ணைப் பறித்துவிடாதே என்று வேண்ட. கருப்பன் தாராளமாகவே கேட்டார்: செல்லையா மாடி வீடு கட்டினார். அண்ணன்தான் குழாயைத் தட்டுவதை விட்டார். "நல்ல குழாயாண்ணே?" என்று யாராவது கேட்டால், "எனக்கென்னப்பா தெரியும், நீயே பாத்துக்க" என்று தெருவைப் பார்ப்பார். சாகும்வரை அப்படித்தான்.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார். "அட்டை எழுதுனப்ப அந்தப் பச்சையை நீ பாக்கலையா மாப்ள?"

"இல்லண்ணே."

பார்த்திருந்தேன். ஐந்தாவது துப்பாக்கியில், ஜன்னல் வெளிச்சத்தில். கோச்சடை வயல் அப்போது மதினியிடம்தான் இருந்தது. ஆனால் கீழே அண்ணன் பாடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எரிந்ததை அணைக்க என் கை எழவில்லை. அழகான கையெழுத்தில் அட்டையை எழுதி முடித்தேன்.

தீப்பெட்டி அவர் பக்கத்திலேயே கிடந்தது. கருப்பசாமி சுவரில் இருந்தார். அண்ணன் இரண்டையும் பார்க்கவில்லை. "நீ சொன்னாச் சரி" என்று தன் வடையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

என்னிடம் மட்டும் அவர் சூடம் கேட்டதே இல்லை.