மூக்கால் பேசிய குடும்பம்

"லும்பா! லும்பா!" என்று தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றாள் தையல்காரி. பெரியவள் திருதிருவென்று விழித்தாள். சின்னவள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவளும் புருஷனும் கடல் தாண்டிப் போய் அந்த அக்கா தங்கையைத் தத்தெடுத்துக் கூட்டிவந்து ஒரு வாரம் ஆகிறது. பிள்ளைகளின் பாஷையை மேல்வீட்டுக் கப்பல் சமையல்காரரிடம் முன்கூட்டியே படித்து வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வார்த்தைகூட எடுபடவில்லை.

"அண்ணே, லும்பான்னா தண்ணிதானே?"

"அதுல என்னம்மா சந்தேகம்? அந்த பாஷையைக் கரைச்சுக் குடிச்சவன் நான். நீ வாயால சொல்ற. மூக்கால சொல்லணும்!"

அன்று முதல் புருஷனும் பெண்டாட்டியும் மூக்கால் பேசினார்கள். சின்னவள் பரிதாபப்பட்டு ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

"அதுங்க ரெண்டும் குசுகுசுன்னு பேசிக்குதுங்களே, அதுவும் எனக்குப் புரியலண்ணே."

"அது குழந்தைக் கொச்சைம்மா. வீட்டுல தமிழ் கலந்தா இப்படித்தான் குழம்பும். இனிமே அதுங்க காதுல தமிழே விழக்கூடாது."

விழவில்லை. சண்டைகூட அந்த பாஷையில்தான். திட்டுவதற்குச் சமையல்காரர் வார்த்தை சொல்லித்தராததால், பஸ் கண்டக்டரான புருஷன், "நீ ஒரு கதவு!" என்று கத்துவார். "நீ அழுகின உருளைக்கிழங்கு!" என்று இவள் பதிலுக்குக் கத்துவாள். பழக்கதோஷத்தில் அவர் பஸ்ஸிலும் மூக்கால் ஏதோ கூவப்போக, பிரேக் போய்விட்டது என்று நினைத்து பாதி பஸ் இறங்கி ஓடியது.

பிள்ளைகளைப் பார்க்க நாத்தனார் வந்தாள். வாசலிலேயே அவள் வாயைப் பொத்தினாள் தையல்காரி.

"அண்ணி, உள்ள வாங்க, ஆனா பேசாதீங்க!"

"என்னது? என் தம்பி வீட்டுல நான் பேசக்கூடாதா? நல்லா இருடியம்மா!" என்று போனவள், சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டாள். அப்புறம் ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை.

ஆனாலும் ஒருநாள் விடிந்தது. பெரியவள் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, மூக்கால், "மெம்மே, லும்பா" என்றாள். அம்மா, தண்ணீர்! தையல்காரி அழுத அழுகையில் அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டாள். மாதம் திரும்புவதற்குள் இரண்டும் அந்த பாஷையில் பொரிந்து தள்ளின.

தத்து அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மாவும் மொழிபெயர்ப்பாளரும் வந்தது அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்களா என்று விசாரிப்பார்கள். ஒட்டவில்லை என்று தோன்றினால் திருப்பி அழைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் ஏதோ கேட்டதும் பிள்ளைகள் மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். நடுநடுவே இவர்களைக் கைகாட்டி உச்சுக் கொட்டினார்கள். தையல்காரிக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. சமையலறைக்குள் ஓடினாள். கண்டக்டரும் பின்னாலேயே ஓடினார்.

"என்னங்க, நம்மளப் பத்தி ஏதோ குறை சொல்றாளுங்க. கூட்டிட்டுப் போயிடுவாங்களோ?"

"சும்மா இருடி, அவங்க காதுல விழப்போகுது."

மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"சொல்லுங்க சார், என்ன சொல்றாங்க என் பிள்ளைங்க?"

"'எங்க அம்மா அப்பா பாவம், இந்த ஊர் பாஷை தெரியாம யாரோடயும் பேச முடியாமத் தவிக்கிறாங்க, தனியா விடக்கூடாதுன்னு நாங்க கஷ்டப்பட்டு அவங்க பாஷையைக் கத்துக்கிட்டோம்'ங்கிறாங்க... ஆமா, நீங்க ரெண்டு பேரும் எந்த நாட்டுக்காரங்க?"