பொட்டலத்தின் முதுகில் இருந்த எண்

விடையை மடியில் முடிந்துகொண்டு சோதனை செய்யக் கிளம்புகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தைவான் பக்கம் கடலம்மன் கோயிலில் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டை உருட்டிக் குறி கேட்பார்கள். 'வேண்டாம்' என்று விழுந்தால், சந்தைச் சத்தத்தில் அம்மனுக்குக் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடி உருட்டுவார்கள். 'சரி' என்று விழுந்ததும் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். அப்போது மட்டும் அம்மன் காது துல்லியம்.

அங்கே, ஹூவெய் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தும் லியாவ் மாவ்-ஷெங் இந்த இனத்தின் குலவிளக்கு. பொய் சொல்கிற மனிதர் அல்ல. சங்கடமே அதுதான்.

மாவட்டப் போட்டிக்கு அவருடைய மாணவி பெய்-ஷான் எடுத்துக்கொண்ட வேலை சின்னது. ஒரு நிலக்கடலையை ஊசியில் குத்திப் பற்றவைக்க வேண்டும். மேலே தகர டப்பாவில் தண்ணீர். அது எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்து, கடலைக்குள் எவ்வளவு சக்தி அடைந்துகிடந்தது என்று கணக்குப் போட வேண்டும். கடலைப் பொட்டலத்தின் முதுகில் கிராமுக்கு ஆறு கிலோ கலோரி என்று அச்சடித்திருந்தது. பெண்ணுக்கு வந்தது இரண்டு.

லியாவுக்குத் தூக்கம் போயிற்று. கடலை விளைகிற ஊரிலேயே கடலை மானத்தை வாங்கினால் எப்படி? மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார், டப்பாவைத் தீக்கு நெருக்கமாக இறக்கினார், அடியில் படிந்த கரியைத் தானே சுரண்டினார், கடலை நமத்துப்போயிருக்கிறது என்று வறுத்த கடலை வாங்கிவரச் சொன்னார், சூடு வெளியே ஓடாமல் சுற்றிலும் ஈயத்தாள் சுற்றினார், கடைசியில் வேர்த்து வழிந்துகொண்டு தெர்மாமீட்டர் செய்தவனின் பரம்பரையை விசாரித்தார். மூன்று வந்தது. இதுவரை மனிதர் செய்த ஒவ்வொன்றும் நியாயம்தான். நல்ல வாத்தியார் செய்கிற வேலைதான்.

பெய்-ஷானுக்கு அந்த மூன்றே பிடித்திருந்தது. மிச்சச் சூடு எங்கே போயிற்று என்பதையே எழுதலாமா என்று கேட்டாள்.

"தோத்த கதைக்கு விளக்கம் எழுதினா எவன்மா பரிசு குடுப்பான்? நகரு, நான் பிடிக்கிறேன்" என்று லியாவ் தெர்மாமீட்டரைத் தாமே வாங்கிக்கொண்டார்.

ஆறு வந்தது.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அத்தனை நாள் சந்தேகப்பட்ட கடலை, டப்பா, காற்று எல்லாவற்றையும் அந்த நொடியில் மன்னித்துவிட்டார். பெண் மட்டும் குனிந்து டப்பாவுக்குள் பார்த்தாள்.

"சார், முனை அடித்தகரத்துல முட்டிக்கிட்டு இருக்கு. தண்ணிச் சூட்டைக் காட்டல, தகரத்துச் சூட்டைக் காட்டுது. கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

"சரியா வர்றப்ப எதுக்கும்மா தூக்கணும்?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் வாத்தியாரிடம் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. போட்டியில் வைக்கப்போகும் அட்டையில் ஆறு என்று பெரிதாக எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயரை மட்டும் சின்னதாக எழுதினாள்.

போட்டி நாளில் நடுவராக வந்தவர் கோங் அம்மையார். அட்டையைப் படித்தார், டப்பாவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் படித்தார். திறந்த டப்பாவில் இவ்வளவு சூடும் தண்ணீருக்கே போய்ச் சேர்ந்ததா என்று வியந்து, இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னார். லியாவின் கை தானாகத் தெர்மாமீட்டருக்குப் போயிற்று.

"நீங்க உக்காருங்க சார். பொண்ணு பிடிக்கட்டும்."

பெய்-ஷான் முனையை நடுத்தண்ணீரில் நிறுத்திக் கலக்கிவிட்டாள். மூன்றுகூட முழுசாக வரவில்லை. லியாவ் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை ஆராயத் தொடங்கினார். மிச்சம் எங்கே போயிற்று என்று அம்மையார் கேட்டார்.

"டப்பா கொஞ்சம் தின்னுடுச்சு, காத்து நிறையத் தின்னுடுச்சு" என்றாள் பெண். "இந்தக் கரி முழுசா எரியாத கடலைதான். பொட்டலத்துல இருக்கிறது பொய் இல்லம்மா. எங்க அட்டையில இருக்கிறதுதான் பொய்."

சொல்லிவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பாமலே நின்றாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. லியாவ் திரும்பி வரும் வழியில், ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, அவளுக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிக்கொடுத்தார்.

மனிதர் திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறு வருஷம் வேறொரு குழு கனமான மூடியெல்லாம் போட்டு, அக்கறையாகச் செய்து, நாலரை கொண்டுவந்தது. லியாவ் தலையை ஆட்டினார். "எங்கியோ தப்பு பண்ணியிருக்கீங்க. மூணுதான் வரணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் எடை பார்க்கும் கருவியில் ஏறி, எண் பிடிக்காமல் இறங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறியவர் யார்? போகட்டும். பிடித்த எண் வந்த அன்றைக்கு, ஒரு தடவையாவது, இறங்கி மறுபடி ஏறியிருக்கிறீர்களா?